பொக்கை வாய்க்காரன் சொல்ற பால வேலை

தாயி, ஒங்கப்பன் சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுல நின்னு "எம் மக அமெரிக்காவுல பாலம் கட்டுறா"ன்னு பெருமையாச் சொல்லிட்டான். அன்னையில இருந்து எனக்கு நிம்மதி போச்சு. கொடிக்காலுக்குப் போற வழியில மறிச்சு, "பெரியவரே, பேத்திகிட்டச் சொல்லி நம்ம வாய்க்காலுக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லுங்க, பி.டபிள்யூ.டி.காரன் அசைய மாட்டேங்கிறான்"னு மனுக் குடுக்கிறாய்ங்க. வாய்க்காலுக்கு இல்லடா, வாய்க்குடான்னேன். "வாய்க்குள்ள எதுக்குப் பாலம், அங்க என்ன ஆறா ஓடுது?"ன்னான் ஒருத்தன். ஒம் வீட்டுக்காரரு ஜூம் மீட்டிங்குல பேசுனதைக் கேட்டவன் நான். ஓடுதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

பல்லே இல்லாத கெழவன் பல்லைப் பத்திப் பேசலாமான்னு நீ கேப்ப. காசு இல்லாதவன்தான் ஆத்தா காசைப் பத்தி நாளெல்லாம் பேசுறான். அதுபோக, நியூ ஜெர்சி எடிசன்ல பனி கொட்டுன நாளெல்லாம் நீ கம்ப்யூட்டர்ல பல்லு வரைஞ்சப்ப பின்னாடி ஒக்காந்து பாத்தவன் நானு. வெளிய போனா வழுக்குது, உள்ள இருந்தா ஒங்க பாட்டி. எனக்கு வேற சோலி என்ன இருந்துச்சு? நீ பொறுமையா வெளக்கி விட்டதுதான் இது பூராவும். ஒன் சரக்கைத்தான் ஒனக்கே விக்கிறேன், ஒழுங்கா வாங்கிக்க.

அஞ்சு வருசம் பி.டி.எஸ். படிச்ச. ஊரெல்லாம் "டாக்டரம்மா"ன்னுச்சு. நியூவர்க்குல எறங்குன ஒடனே நார்த்தங்கா ஊறுகாயோட சேத்து அந்தப் பட்டத்தையும் கஸ்டம்ஸ்லயே புடுங்கி வச்சுக்கிட்டாய்ங்க. மறுபடி ஐ.என்.பி.டி.இ.ன்னு ஒரு பரிச்சை. அது முடிஞ்சு எடம் கெடைச்சா ரெண்டு மூணு வருசம் திரும்பவும் காலேஜு. அதுக்குக் கட்டுற பீசுல நம்ம பக்கம் ரைஸ் மில்லே வாங்கிப் போடலாம். எச்-4 விசாவுல வந்தவளுக்குப் புருசன் கிரீன் கார்டு வரிசையில நின்னா, அவளும் வேலை பாத்துக்கலாம்னு 2015-ல ஒபாமா கதவைத் தெறந்து விட்டாரு. அந்தக் கதவு வழியாத்தான் நீ பல்லு செய்யிற லேபுக்குள்ள நொழைஞ்ச. வேடிக்கையைப் பாரு. நோயாளி வாயில ஒரு வெரலை வச்சா ஒன்னையப் புடிச்சு உள்ள வச்சிருவாய்ங்க. அதே வாய்க்குப் பல்லு செஞ்சு அனுப்புனா கையில கூலி. பல்லு செய்யிறவளுக்கு லைசென்ஸ் உண்டான்னு அங்க முக்கால்வாசி மாநிலத்துல கேக்குறதே இல்லையாமே.

நம்ம ஊரு மட்டும் என்ன ஒழுங்கு? 1948-ல பல் மருத்துவச் சட்டம் வந்தப்ப, படிக்காம ஏற்கெனவே தொழில் பாத்துக்கிட்டு இருந்தவங்களை "பி" பிரிவுன்னு தனி ஏட்டுல எழுதி விட்டாய்ங்க. மதுரையில எனக்குத் தங்கப் பல்லு கட்டுன சீனாக்காரரு எந்த ஏட்டுல இருந்தாரோ, நான் கேக்கல. மெழுகு, மாவுக்கட்டு, அரம், ஒரு ஸ்பிரிட்டு வெளக்கு, இம்புட்டுத்தான் அவரு சாமான். பேசுன தமிழு ரெண்டே வார்த்தை: "கடி", "தொற". கறுப்புத் தாளை நடுவுல வச்சுக் கடிக்கச் சொல்லுவாரு, கறை பட்ட எடத்தை ராவுவாரு, திரும்பக் "கடி" ம்பாரு. சாயங்காலம் வரைக்கும் கடிச்சேன். இப்ப நீ செய்யிறதும் அதேதான். கறுப்புத் தாளுக்குப் பதிலாத் திரையில செவப்பும் நீலமுமா வருது. செவப்பு வந்தா மேல்பல்லோட மோதுது, தட்டு. நீலம் வந்தா எட்டி நிக்கிது, வுடு. ஆனா கடிக்கிறதுக்கு அங்க ஆளு இல்ல. அதுதான் இந்தத் தொழிலோட சொகமும், வினையும்.

இந்தக் கூத்து எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டேன், சொன்ன. பிரான்சு தேசத்து துரேன்னு ஒரு பல் டாக்டரு 1973-லயே, மாவு வைக்காம வெளிச்சத்தை வச்சே பல்லை அளவெடுக்கலாம்னு ஆராய்ச்சி எழுதிட்டாரு. சூரிச்சுல மோர்மன்னு ஒரு டாக்டரும் பிராண்டெஸ்டினின்னு ஒரு இன்ஜினீயரும் சேந்து மெஷினு செஞ்சு, 1985-ல நோயாளியை நாக்காலியில ஒக்கார வச்சே கல்லைக் கொடைஞ்சு பல்லு ஓட்டையில பொருத்திக் காட்டுனாய்ங்க. அதுக்கப்புறம் எல்லாம் யாவாரம். வாய்க்குள்ள வுட்டு எடுக்கிற ஸ்கேனர் செஞ்ச கம்பெனி ஒண்ணு ஒங்க நியூ ஜெர்சி கார்ல்ஸ்டாட்டுல இருந்துச்சு, கேடன்ட்டுன்னு. அப்ப பே ஏரியாவுல இருந்த, கண்ணாடிக் கணக்கா பிளாஸ்டிக்கு மாட்டிப் பல்லை நேராக்குற அலைன் கம்பெனி 2011-ல அதை முழுங்குச்சு. நீ தட்டுற எக்சோகேடு சாப்ட்வேரு ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்டுல பொறந்தது. 2020-ல அதையும் அவய்ங்களே முழுங்கிட்டாய்ங்க. போட்டிக்காரன் த்ரீஷேப்பு டென்மார்க்குக்காரன், அவனுக்கு அமெரிக்கக் கடை ஒங்க வீட்டுல இருந்து கூப்புடு தூரத்துல, வாரன்ல. ஆக, வாயி டெக்ஸாஸு, டாக்டரு டெக்ஸாஸு, சாப்ட்வேரு ஜெர்மனி, சம்பளம் நியூ ஜெர்சி, கை சோழவந்தான்.

அந்த டெக்ஸாஸ் கேசுதான் நம்ம விசயம். ஒருத்தருக்குக் கீழ்வரிசை இடது பக்கம் மொதக் கடவாப்பல்லு இல்ல. அதுக்கு முன்பல்லையும் பின்பல்லையும் ராவி, மூணு பல்லுப் பாலமா வேணும்னு கேட்டு டாக்டரு ஸ்கேனை அனுப்பியிருந்தாரு. நீ திருப்பித் திருப்பிப் பாத்த. பின்னாடிப் பல்லுல ஒரு பக்கம் ஈறு ரத்தங் கசிஞ்சு, ராவுன கோடு எங்க முடியிதுன்னே தெரியல. செவப்பும் ரோசுமாக் கொழகொழன்னு ஒரு மேடு, அம்புட்டுத்தான். நீ பட்டனைத் தட்டுன. சாப்ட்வேரு ஒரு நொடி யோசிச்சுட்டு, ரத்தத்துக்கு மேலயே அழகாப் பச்சைக்கோடு ஒண்ணைச் சுத்திப் போட்டுருச்சு. கொஞ்சங்கூடக் கூச்சமில்ல அதுக்கு. நானும் ஒரு காலத்துல சர்வேயர்களைப் பாத்தவந்தான். இம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்ததில்ல.

அப்ப நீ என்ன செய்யிறேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மவுஸைப் புடிச்ச கை நின்னுச்சு. கடியாரத்தைப் பாத்த. "ரஷ் கேஸு தாத்தா"ன்ன. அப்புறம் கண்ணை இடுக்கி, இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளின்னு நீயே ஒரு கோட்டை ஊகிச்சு இழுத்து, "நெக்ஸ்ட்" தட்டிட்ட.

ரொம்ப நல்லது தாயி. அப்புடித்தான் பொழைக்கணும். கேள்வி கேக்குறவளுக்கு எந்த ஊருல சோறு போட்டாய்ங்க? கோடு தெரியலையா, நீயே ஒண்ணு போடு. எதிர்ப்பல்லு முட்டுதா, ஒன் பல்லோட தலையைச் சீவு. நடுவுல சேர்ற எடம் பருமனாத் தெரியுதா, அழகுக்குக் கொடைஞ்சு விடு. லைப்ரரியில விதவிதமாப் பல்லு வச்சிருக்கான், நல்லா சிரிக்கிற பல்லா ஒண்ணை எடுத்து ஒட்டு. அது பொருந்தலேன்னா குத்தம் டாக்டரு மேல, டாக்டரு ஒத்துக்கலேன்னா குத்தம் மெஷினு மேல, மெஷினு வாயைத் தொறந்து பேசவா போகுது? வேணும்னா அந்த நோயாளியையே குத்தஞ் சொல்லு: ஐஸ் கட்டியைக் கடிச்சிருப்பாரு. அங்கதான் எல்லாரும் கோக்கைக் குடிச்சுட்டு ஐஸைக் கறுக்கு மொறுக்குன்னு மெல்லுறாய்ங்களே.

என்ன முறைக்கிற? நீ சொன்ன கணக்கைத்தான் நான் கேட்டேன். ராவுன பல்லுக்கும் அதுமேல மாட்டுற உறைக்கும் நடுவுல சிமெண்டுக்குன்னு நீ விடுற சந்து ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்ல. அந்த அளவுல நேக்காச் செய்யத் தெரிஞ்ச மெஷினுகிட்ட, ஊகமா இழுத்த கோட்டைக் குடுத்தா, ஊகத்தையும் அது மைக்ரான் சுத்தமாச் செஞ்சு குடுக்கும். அந்தச் சந்துல எச்சி போகும், சோத்துப் பருக்கை போகும், கிருமி போகும். ரெண்டு வருசங் கழிச்சு உறைக்குள்ள இருக்கிற பல்லு பூசணம் புடிச்ச தேங்கா.

பல்லுக்குப் போடுற எண்ணுல வேற ஒரு களவாணித்தனம் இருக்குன்னு சொன்ன பாரு, அதைக் கேட்டு எனக்குப் பொழுதன்னைக்கும் சிரிப்பு. நீ சென்னையில படிச்ச கணக்குல 14-ன்னா மேல் வரிசை வலது பக்கம், கோரைப்பல்லை அடுத்த முன்கடவாப்பல்லு. அமெரிக்காக்காரன் மேல வலது கோடியில ஒண்ணுன்னு ஆரம்பிச்சு வரிசையா எண்ணிக்கிட்டே வர்றான், அவன் 14 மேல் இடது பக்கத்து மொதக் கடவாப்பல்லு. ரெண்டு பேரும் 14-ன்னுதான் எழுதுறாய்ங்க, ஆனா வாயோட வேற வேற கரை. ராத்திரி ஷிப்டுல இந்தியாவுல வரையிற புள்ளைகளுக்கு மொதல்ல இதைச் சொல்லிக் குடு. ஸ்கேனைப் பாத்தாத் தெரியாதாம்பாய்ங்க. தூக்கம் வர்றப்ப நம்பரைத்தான் பாப்பாய்ங்க, ஸ்கேனையா பாப்பாய்ங்க?

இனி நீ பல்லு செய்யிற அந்தச் சிர்கோனியா. சாக்குக்கட்டி கணக்கா வெள்ளை வெளேர்னு ஒரு தட்டு, அதுல பல்லைக் கொடையிது மெஷினு. கொடைஞ்சு எடுத்தா ராட்சசன் பல்லு மாதிரி பெருசா இருக்கு. "ஐயோ, அளவு தப்பிருச்சு"ன்னு நான் பதற, நீ சிரிச்ச. ஆயிரத்து ஐநூறு டிகிரி சூட்டுல வேக வச்சா அஞ்சுல ஒரு பங்கு சுருங்கி, அளவா வந்து ஒக்காந்துக்கும்னு சொன்ன. ஒவ்வொரு தட்டுலயும் அது எம்புட்டு சுருங்கும்னு ஒரு எண்ணை அச்சடிச்சிருக்கான், ஒன்னே கால் சொச்சம் கிட்ட. பழைய தட்டு எண்ணைப் போட்டுப் புதுத் தட்டைக் கொடைஞ்சா பல்லு மாப்பிள்ளைக்குப் பத்தாத சட்டை. பாத்துப் போடு. வேற ஒண்ணுஞ் சொல்ல இல்ல அதுல.

ஆனா பாலம் ஒடையிறது எங்கன்னு ஒரு விசயம், அதுல கொஞ்சம் ஒக்காருவோம்.

ஒங்க ஊரு டெலவேர் ஆத்தை 1776 கிறிஸ்துமஸ் ராத்திரி வாஷிங்டன் பாலம் இல்லாம, பனிக்கட்டிக்குள்ள படகுல தாண்டி டிரென்டனைப் புடிச்சாருன்னு மாப்பிள்ளை கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. அம்புட்டுப் பெரிய தளபதிக்கு 1789-ல பதவி ஏத்தப்ப வாயில மிச்சம் ஒரே ஒரு சொந்தப் பல்லு. மரப்பல்லு வச்சிருந்தாருங்கிறது கதை. நீர்யானைத் தந்தத்துலயும் மனுசப் பல்லுலயும் செஞ்சு கட்டுனது அவருது. அந்த ஒத்தப் பல்லுக்குன்னு ஒரு ஓட்டை விட்டு, அதுலயே மாட்டி நிறுத்தியிருந்தாரு அவரோட பல் டாக்டரு. கடைசியில அதுவும் கழண்டு வந்துருச்சு. ஒரு நாட்டையே தூக்குனவருக்கு ஒரு பல்லு தாங்கல.

நீ அன்னைக்கு ஆன்டேன்னு ஒருத்தர் பேரு சொன்ன; 1926-ல அவரு கட்டுன கணக்கு. பாலத்தைத் தாங்குற பல்லுகளோட வேர்ப்பரப்பு, இல்லாமப் போன பல்லுகளோட வேர்ப்பரப்புக்குக் கொறையக் கூடாது. இதுக்கு அமெரிக்கா போகணுமா? மூணு மாடு இழுத்த வண்டியில நடுமாடு செத்துப்போச்சுன்னா, அந்தச் செத்த மாட்டையும் வண்டியில ஏத்தித்தான் மத்த ரெண்டும் இழுக்குதுக. பல்லுப் பாலம்னா அதான். ரெண்டு மாடும் தெடமா இருந்தா வண்டி ஊரு போய்ச் சேரும். பின்மாடு நொண்டியா, ஈறு எறங்கி ஆடுற பல்லா இருந்தா, என்ன அழகா நொகத்தடி செஞ்சு மாட்டி என்ன? அதுலயும் சில டாக்டருக நடுவுல ரெண்டு மூணு பல்லு இல்லாத எடத்துக்கும் ஒரே நொகத்தடியாக் கேக்குறாய்ங்க. நீளம் ரெண்டு மடங்கானா வளையிறது எட்டு மடங்கு, மூணு மடங்கானா இருபத்தேழு மடங்குன்னு நீதான் பேப்பர்ல போட்டுக் காட்டுன. சேர்ற எடத்தோட ஒசரத்தைப் பாதியாக் கொறைச்சாலும் எட்டு மடங்கு. கடவாப்பல்லுப் பக்கம் சிர்கோனியாவுக்கு அந்தச் சேர்மானம் ஒம்பது சதுர மில்லிமீட்டருக்குக் கொறையக் கூடாதுங்கிறது அதுக்குத்தான. கொறைஞ்சா சாப்ட்வேரு செவப்பாக் காட்டுது. காட்டிட்டு, "பரவாயில்லையா?"ன்னும் அதுவே கேக்குது. நீ "பரவாயில்ல"ன்னு தட்டுனா வழி விட்டுருது. நம்ம ஊரு செக்போஸ்ட்டுதான்.

ப்ரீமான்ட்டுல இருக்கிறானே ஒன் சித்தப்பா மகன், அவன் தெனமும் பாக்குற பாலத்துக்கு வருவோம். ஓக்லாந்துப் பக்கம் கட்டுன புதுப் பே பிரிட்ஜு, ஆறு பில்லியன் டாலருக்கு மேல செலவு. தெறக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 2013 மார்ச்சுல, இறுக்கி முறுக்குன 96 கம்பியில 32 ஒடைஞ்சு போச்சு. எஃகுக்குள்ள ஹைட்ரஜன் எறங்கி மொறுமொறுன்னு ஆக்கிருச்சாம். வெள்ளைக் கோபுரம் அசையல, தொங்குற கம்பி அசையல, ஒடைஞ்சது கண்ணுக்குத் தெரியாம அடியில பூட்டுற எடம். அம்புட்டு இன்ஜினீயருக்கே அந்தக் கதி. நீ என்னடான்னா, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல நெழலு விழுந்தாத்தான் போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்னு டாக்டரு கேட்டாருன்னு, அந்தப் பூட்டையே தோண்டிக்கிட்டு இருந்த.

நெறத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஏ1-ல இருந்து டி4 வரைக்கும் பதினாறு நெறம் காட்டுன. அதுல வெத்தலைச் செவப்பு எங்கன்னு தேடிப் பாத்தேன், இல்ல. சோழவந்தானையே ஒதுக்கி வச்ச பட்டியல் அது. பதினாறும் பத்தாதுன்னு அமெரிக்காக்காரன் அதுக்கும் மேல ப்ளீச்சுன்னு கேக்குறான். அறுவது வயசு ஆளுக்கு ரெண்டு பக்கமும் பழுப்புப் பல்லு, நடுவுல மூணு மட்டும் டியூப்லைட்டு. அதுக்கு நீ மல்லுக்கட்டாத. கண்ணாடி பாக்கப்போறது அவரு.

மல்லுக்கட்ட வேண்டியது வேற எடத்துல. இந்தப் பல்லு வரையிற வேலையையே இனிமே கம்ப்யூட்டரு தானாச் செய்யப் போகுதுன்னு பயந்துக்கிட்டு இருந்தியே. பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுகளும் கலிபோர்னியா கிளைடுவெல் லேபும் சேந்து 2018-லயே கட்டுரை போட்டுட்டாய்ங்க, மெஷினே உறையை டிசைன் பண்ணுதுன்னு. பண்ணட்டுமே. வரையிறதுக்கு அதுக்குத் தெரியும். கோடு தெரியல, திரும்ப ஸ்கேன் எடுங்கன்னு டெக்ஸாஸுக்கு எழுதுறதுக்கு எவன் இருக்கான்? இந்தப் பின்பல்லு ஆட்டங் காணுது, பாலத்துக்கு ஆகாதுன்னு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாத்துச் சொல்றதுக்கு எவன் இருக்கான்? அதுக்குத்தான தாயி அஞ்சு வருசம் படிச்ச. கஸ்டம்ஸ்காரன் புடுங்குனது பட்டத்தை மட்டுந்தான், படிப்பை அவனுக்குத் தேடத் தெரியல. "ப்ளீஸ் அட்வைஸ்"னு ஒரு வரி போடுறீங்களே, இங்கிலீஸுல "முடியாதுடா பயலே"ங்கிறதை இம்புட்டு மரியாதையாச் சொல்ல முடியுமான்னு நான் அசந்து போனேன். அதைக் கூசாமப் போடு.

போடுறதுக்கு முன்னாடி ஒரு சோலி இருக்கு. இப்ப ஒனக்குப் பல்லுக்கு இம்புட்டுன்னு கூலி. மூணு பல்லுப் பாலம்னா மூணு கூலி. நீ ஸ்கேனைத் திருப்பி அனுப்புனா அன்னைக்குக் கூலி சைபரு. அப்புறம் எவ "முடியாது"ம்பா? நெக்ஸ்ட்டுதான் தட்டுவா. அதனால மொதல்ல மேனேஜர்கிட்டப் பேசி மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மாத்திக்க. அதுக்கு நல்ல மாசம் நவம்பரு. அங்க பல்லு இன்சூரன்ஸுல வருசத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு டாலருன்னு ஒரு வரம்பு. பாலம்னா பாதிதான் குடுப்பான். பாலிசி எடுக்கிறதுக்கு முந்தியே விழுந்த பல்லுக்கு அதுவும் இல்லைன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருப்பான். வரம்புல மிச்சம் இருக்கிறது டிசம்பரோட செத்துரும்னு, வருசமெல்லாம் பல்லை மறந்த சனம் பூராவும் கடைசி மாசத்துல வாயைப் பொளந்துக்கிட்டு வந்து விழும். லேபுல கேசு மலையாக் குவியும், ஆளு கெடைக்காது. அந்த நேரம் பாத்து நீ வாயைத் தொற. மணிக்கு எம்புட்டுன்னு அவரு கேட்டா ஒடனே சொல்லிப்புடாத. நம்ம கொடிக்கால் தரகன் செய்யிற மாதிரி ஒரு தும்மல் போட்டுட்டு, நெனைச்சதுக்கு மேல அஞ்சு டாலரு கூட்டிச் சொல்லு.